உங்கள் வீட்டை வரைந்து காட்டுங்கள்



யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பிக்கும் தா. சனாதனன் 2011-ல் ஒரு நூல் கொண்டுவந்தார். 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்று பெயர். இன்னாருக்கு இன்ன நிலம் என்று ஒல்லாந்தர் எழுதிவைத்த பதிவேட்டுக்குத் தோம்பு என்பார்கள். ஒல்லாந்தர் தோம்பு எழுதிய அந்த ஈழ மண்ணில், போரின்போது, 1990-ல் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். 1995-ல் யாழ்ப்பாணமே ஊரைவிட்டு நடந்தது. வீடிழந்தவர்களிடம் போய்ச் சனாதனன் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள்! அவர்கள் வரைந்ததை ஒரு கட்டடக் கலைஞர் அளவுப்படமாக்கினார். சனாதனன் தம் ஓவியங்களை அதனோடு சேர்த்தார். அரசாங்கக் கோப்பைப் போலவே நூலை அமைத்தார்கள்.

அதில் என்னை உலுக்கியது ஓவியரின் வண்ணமல்ல. பென்சில் பிடித்துப் பழகாத கை போட்ட கோணல் கோடு. அடுப்படி எங்கே, கிணறு எந்தப் பக்கம் என்ற அன்றாட விவரமே அங்கே கலையாகிறது. பதிவேட்டை எழுதும் உரிமை, வீடிழந்தவர் கைக்கே வந்துவிடுகிறது!

கல்வராயன் மலை மக்களே, இது உங்கள் கதையும்தான். மூன்று ஜாகிர்தாரர்களின் பிடியிலிருந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. உழுதவன் இருந்தான், அவன் பெயரில் தாள் இல்லை. அந்த நிலத்துக்கு உரிமை தர 2006 வன உரிமைச் சட்டம் சான்று கேட்கிறது. என்ன சான்று? அதன் விதிகளைப் படித்துப் பாருங்கள். வீடு, குடிசை, கிணறு, இடுகாடு, சாமி இருக்கும் இடம் எல்லாம் சான்று! முதியவர் சொல்ல எழுதிக்கொண்ட வாக்குமூலமும் சான்று! ஒன்று போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும். படம் மட்டும் பட்டா வாங்கித் தராது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால், பாட்டி கோடு போடத் தொடங்கினால் வாக்குமூலம் தானாக வரும். சாமை விதைத்த கொல்லை, கடுக்காய் பொறுக்கப் போன தடம், தாத்தாவைப் புதைத்த மேடு என்று ஒவ்வொன்றாக வாய் திறக்கும்.

இங்குள்ள கல்லூரிப் பிள்ளைகளே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மலையேறுங்கள். ஈழத்து உறவுகள் வாழும் சின்னசேலம் மறுவாழ்வு முகாமுக்கும் போங்கள். நீங்கள் வரையாதீர்கள், பெரியவர்களை வரையவிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். ஒரு பிரதி அந்த வீட்டில் இருக்கட்டும். மலையில் வரைந்ததன் மற்றொரு பிரதியை ஊரின் வன உரிமைக் குழுவிடம் கொடுத்து, அடுத்த கிராமசபையில் எல்லோர் முன்னிலும் விரித்து வையுங்கள்.