அறுவைப் பிரசவம்: குடும்பத்தார் அறிய வேண்டியவை



2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன். ஆகவே, எதற்காக என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நஞ்சு கருப்பை வாயை மூடியிருந்தால் வாதாட இடமில்லை. ஆனால், நமது வசதிக்காக 39 வாரம் நிறையுமுன் நாள் குறிக்க வற்புறுத்தலாகாது; குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரக்கூடும்.

அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்தே உணவு கூடாது. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வர். தாய் விழித்திருப்பார், அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது. சில நிமிடங்களில் குழந்தை வெளிவரும். தையலிட்டு முடிக்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும்.

பாங்கு சொல்லுங்கள், நாவில் தேன் தடவ வேண்டாம். ஓராண்டு வரை தேன் ஆகாது. முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுக்கச் செய்யுங்கள்.

இரத்தத்திற்காகப் பள்ளிப்பட்டிலிருந்து திருவள்ளூருக்கு அலையும் நிலை வேண்டாம். தாயின் இரத்த வகையை முன்பே அறிந்து, கொடுக்க முன்வரும் இளைஞர் இருவரிடம் சொல்லிவையுங்கள். இது ஆண்களாகிய நம் பொறுப்பு.

மறுநாள் நடக்கச் சொன்னால், நம் பாட்டிமார்கள் “பச்சை உடம்பு” என்று தடுப்பார்கள், தண்ணீரையும் குறைப்பார்கள். இரண்டும் தவறு. காலில் இரத்தம் உறையாமல் காப்பது நடையே.

வீடு திரும்பியபின் காய்ச்சல், தையலில் சீழ், மிகுந்த உதிரப்போக்கு, கால் வீக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.