பூம்பாவைக்குக் காட்டிய ஊர்
(பட்டினப்பாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஓர் ஊர் உயிரோடு இருக்கிறதா என்பதை எதைக்கொண்டு அறிவது? நகரமைப்பு வல்லுநர்கள் வாகனங்களை எண்ணுவார்கள், மனை விலையைப் பார்ப்பார்கள். மயிலாப்பூரிலோ இதற்கு ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது.

பாம்பு தீண்டி மாண்டுபோன பூம்பாவையின் சாம்பற்குடத்தின் முன் நின்று திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் பாடினார். போன உயிரை அழைக்க அவர் அடுக்கியவை ஊரின் விழாக்கள். அடியார்களுக்குச் சோறிடுவதில் தொடங்குகிறார். பிறகு ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஆண்டு நகர்கிறது. இதையெல்லாம் பாராமலா போகிறாய் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். அவளுடைய தந்தை சிவநேசர் பெரும் வணிகர். அவருடைய செல்வம் எதையும் சம்பந்தர் அந்தப் பெண்ணுக்கு நினைவூட்டவில்லை. தெருவில் எல்லாரோடும் சேர்ந்து பார்க்க வேண்டியவைதான் திரும்பி வருவதற்குக் காரணங்கள். நகர வாழ்வைப் பற்றித் தமிழில் இதைவிடத் துணிவான கருத்தை நான் அறியேன்.

திருவாதிரைப் பாட்டில், அலை உலாவும் கரையும் வேல் வல்லவர்களின் சேரியும் வருகின்றன. கரைச்சேரியை விட்டுவிட்டு மயிலையைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மயிலையின் பழைய சிவன் கோயில் கடலோரத்தில்தான் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றும் மாசி மகத்தன்று சாமி தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருகிறது. அறுபத்துமூவர் விழா அன்று கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் யாரென்று கேட்காமல் நீர்மோரும் சாதமும் கொடுக்கிறார்கள். பதிகத்தின் முதல் பாட்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தெருவே ஊர் கூடும் இடமாவது மயிலைக்கு மட்டும் உரியதன்று. ஈரானின் இஸ்பஹானில் காஜு பாலம் இருக்கிறது. 1650 அளவில் இரண்டாம் ஷா அப்பாஸ் கட்டியது. ஆற்றைக் கடக்கவும் நீரைத் தேக்கவும் அமைத்த அந்தப் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே மாலையில் மக்கள் கூடி உட்கார்ந்து பாடுவார்கள். கடந்துபோகும் இடமே தங்கி நிற்கும் இடமாகவும் இருக்கலாம் என்பது அவ்வூராருக்குப் பழக்கமான எண்ணம்.

இங்கே கடலோரக் குப்பங்களை ஒட்டிச் செல்லும் நம் லூப் ரோட்டுக்கு அந்த நியாயம் எளிதில் கிடைக்கவில்லை. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தபோது துப்பாக்கிச் சூடு வரை போயிற்று, மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில், போக்குவரத்து நெரிசல் குறித்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கையடுத்து மாநகராட்சி சாலையோர மீன் கடைகளை அகற்றியது. பெண்கள் மீனைச் சாலையில் கொட்டிப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளுடன் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் தண்ணீரும் வடிகாலும் அவர்களுக்கு என்றோ கிடைத்திருக்க வேண்டியவை; வரவேற்கிறேன். ஆனால், அந்தச் சாலையில் நடந்தது விற்பனை மட்டும் அன்று. வஞ்சிரத்துக்குப் பேரம், சங்கராவை ஆய்ந்து கொடுக்கும் கை, ஒரு கூறு நெத்திலியோடு சேர்த்துப் போடும் நாலு மீன், மந்தைவெளியிலிருந்து வரும் வாடிக்கைக்காரரின் மகள் கல்யாணத்தைப் பற்றிய விசாரிப்பு: குப்பமும் மாட வீதியும் முகம் பார்த்துக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே, சென்னைப் பெருநகருக்கு மூன்றாம் முழுமைத் திட்டம் வகுக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) ஒரு கோரிக்கை. பட்டினப்பாக்கத்தில் வாகனங்களை எண்ணும்போது மனிதர்களையும் நேரவாரியாக எண்ணுங்கள். விடியலில் படகுக்குக் காத்திருப்பவர், வெயிலில் வலை பின்னுபவர், சாயங்காலம் மீன் வாங்க வருபவர், இரவில் காற்று வாங்க மணலில் படுப்பவர் என எல்லாரும் அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் கேள்வித்தாளைக் குப்பத்துப் பஞ்சாயத்தாரோடும் மீன் விற்கும் பெண்களோடும் உட்கார்ந்து எழுதுங்கள்.