முதல் வயிறு

பட்டம் பெறும் இளம் கால்நடை மருத்துவர்களே, வாழ்நாளின் பெரும்பகுதியை மாட்டின் முதல் வயிற்றை ஆராய்வதிலேயே கழித்தவன் நான். அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

பெரிய பசுவின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். வைக்கோலின் நாரைச் செரிக்கும் நொதி மாட்டிடம் கிடையாது. உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்களே அதைச் செரிக்கின்றன. அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் தேங்கினால் செரிமானம் மந்தப்படும். ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் அதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மீத்தேனாக்கிவிடுகின்றன. மாடு அதை ஏப்பமாக விடுகிறது. தின்ற தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படியே போகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் உலகம் கவலைப்படுகிறது. கவலை நியாயமானது. எனக்கு அதைவிட முன்னால் தெரிவது, பாலாகாமல் போன தீவனம்.

மாணவனாக இருந்தபோது, வெதுவெதுப்பான குடுவையில் கொண்டுவந்த வயிற்று நீரை ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தேன். நீந்தி ஓடும் புரோட்டோசோவாக்களின் மேல் இந்த ஆர்க்கியாக்கள் நீலப்பச்சையாக மின்னின. அன்றிலிருந்து இந்தத் துறையை நான் விடவில்லை.

உங்களுக்கு ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவில் சவுண்டல் தழை தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதே தழையைத் தின்று நலமாக இருந்தன. ஆஸ்திரேலிய ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், வித்தியாசம் ஆட்டில் இல்லை, அதன் வயிற்று நுண்ணுயிரில் இருக்கிறது என்று ஊகித்தார். ஹவாய் ஆடுகளின் வயிற்றிலிருந்து நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குள் செலுத்தினார்கள். தழையின் நஞ்சு முறிந்தது! அந்த நுண்ணுயிருக்கு 1992இல் சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று அவரைச் சிறப்பிக்கவே பெயர் வைத்தார்கள். வயிற்றுக்குள் இருப்பதை மாற்ற முடியும் என்ற என் நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

மீத்தேன் விஷயத்திலும் அந்த மாற்றம் நடக்கிறது. 3-நைட்ரோஆக்சிப்ரோப்பனால் என்ற மருந்தும் அஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசியும் ஆர்க்கியாவின் வேலையைத் தடுக்கின்றன. ஆனால் அவற்றை நாள்தோறும் தீவனத்தில் கலந்து தர வேண்டும். கொட்டிலில் அளந்து தீவனம் போடும் பெரும் பண்ணைக்கு அது எளிது. நம் நிலைமை வேறு. 2019 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 19 கோடி மாடுகளும் ஏறக்குறைய 11 கோடி எருமைகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சில மாடுகளே வைத்திருப்பவர்களிடம் இருக்கின்றன. அந்த வீட்டுக்கு இன்றே தரக்கூடியது சரிவிகிதத் தீவனம்தான். வெறும் வைக்கோல் தின்னும் மாடு, கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் அதிக மீத்தேன் விடுகிறது. பசுந்தீவனமும் புண்ணாக்கும் தாது உப்பும் அளவோடு சேர்ந்தால் பால் கூடும், லிட்டருக்கான மீத்தேன் குறையும். இதைச் சொல்லித்தர நீங்கள்தான் ஆள்.

அன்புப் பிள்ளைகளே, நாளை மருந்தகத்துக்கு ஓர் அம்மா மாட்டை ஓட்டி வருவார். ஊசியை எடுக்குமுன், "மாட்டுக்கு என்னம்மா போடுறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள்.