பழைய கணினிக்குப் புதிய வரைகலை அட்டை: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் பாதையில் இருக்கிறது திரிங்காப். காய்கறித் தோட்டங்கள் நிறைந்த ஊர். அதற்கு முன்னும் பின்னும் மலைச்சரிவுகளில் தேயிலை. அங்கே ஒரு வீட்டில் பத்து வயதான கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பாடத்துக்கும் அதுதான், இரவில் விளையாட்டுக்கும் அதுதான். புதிய விளையாட்டு எதைப் போட்டாலும் படம் திக்கித் திணறுகிறது. "கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் மாத்தினா போதும்பா" என்கிறான் மகன்.

அந்த "மட்டும்" என்ற சொல்லில்தான் பல வீடுகளில் பணம் கரைகிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 அட்டையின் அறிமுக விலை 299 அமெரிக்க டாலர். அன்றைய நாணய மாற்றில் அது 1,200 வெள்ளிக்கு மேல். தோட்டத்தில் ஒருவர் ஒரு மாதம் உழைத்துப் பெறும் பணத்தில் பெரும்பகுதி அது. வாங்கி வந்து பொருத்திய பிறகு திரை கறுப்பாகவே இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

எனவே முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத ஒரு சோதனை. விளையாட்டின் அமைப்புப் பகுதிக்குப் போய்ப் படத்தின் தெளிவுத்திறனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். நொடிக்கு ஓடும் காட்சிகளின் எண்ணிக்கை நன்றாகக் கூடினால் இடைஞ்சல் வரைகலை அட்டையில் இருக்கிறது. அப்படியே நின்றால் இடைஞ்சல் மையச் செயலியில். அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த அட்டையைச் செருகினாலும் பயன் சொற்பமே. டோட்டா 2, கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்றவற்றை விளையாடும் இளைஞர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். அவை செயலியை அதிகம் நம்பும் விளையாட்டுகள். நினைவகம் ஒரே ஒரு துண்டாக 8 ஜிபி இருந்தால், இன்னொரு 8 ஜிபி துண்டைப் போட்டாலே சில கணினிகள் சுறுசுறுப்பாகிவிடும்.

அடுத்தது மின்சாரம். கடைக்காரர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கணினியின் தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் மட்டுமே தரும். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைக்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். 6 முனைக் கம்பி 75 வாட், 8 முனைக் கம்பி 150 வாட் தரும். நம் நாட்டில் மலிவாகக் கிடைப்பவை அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி கணினிகள். இவற்றில் பலவற்றின் மின்பெட்டி 240 முதல் 290 வாட் வரைதான். கூடுதல் கம்பியும் பெரும்பாலும் இருக்காது. வேறு மின்பெட்டி வாங்கி மாட்டலாம் என்றால், தாய்ப்பலகையின் இணைப்பு பல மாதிரிகளில் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். மெலிந்த வகைப் பெட்டியாக இருந்தால் முழு உயர அட்டை உள்ளேயே போகாது.

இப்படிப்பட்ட கணினிக்கு இன்று பொருத்தமானது 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 அட்டையின் 6 ஜிபி வகை. 70 வாட் போதும். பெரும்பாலான மாதிரிகளுக்குத் தனிக் கம்பி வேண்டாம். குட்டை உயரத்திலும் கிடைக்கிறது. இதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு. அது 130 வாட் கேட்கும். பெயரை மட்டும் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவாகக் கண்ணில் படும். அதன் குறை உள்ளே ஒளிந்திருக்கிறது. அது தாய்ப்பலகையோடு பேசுவது நான்கே தடங்களில். நான்காம் தலைமுறைப் பலகையில் அது போதும். பத்தாண்டுப் பழைய பலகை மூன்றாம் தலைமுறை. அங்கே அந்த நான்கு தடங்களின் வேகம் பாதியாகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிறைந்ததும் ஆட்டம் தடுமாறும். புதுக் கணினிக்கு ஓரளவு சரி, பழையதற்கு வேண்டாத அட்டை. இண்டெலின் ஆர்க் அட்டைகளும் அப்படித்தான். 2024 டிசம்பரில் வந்த பி580 அட்டையில் 12 ஜிபி நினைவகம், அறிமுக விலை 249 டாலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "ரீசைசபிள் பார்" என்ற வசதி தாய்ப்பலகையில் இல்லையென்றால் அதன் வேகம் மிகவும் குறைந்துவிடும். பத்து வயதுக் கணினிகளில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

உங்கள் கணினி ஆறாம் தலைமுறை ஐ5 அல்லது அதற்குப் பின் வந்ததா? மின்பெட்டி நல்ல நிறுவனத்தின் 450 வாட்டுக்கு மேலா? அப்படியானால் 132 வாட்டில் ஓடும் ஆர்எக்ஸ் 6600 அல்லது 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060, பழையதாகக் கிடைத்தாலும் பார்க்கலாம். நான்காம் தலைமுறை ஐ5, அதாவது 2013-ன் செயலி என்றால், அதற்காக ஆயிரம் வெள்ளியைத் தாண்டிச் செலவழிப்பது வீண்.

இரண்டாம் கைச் சந்தைக்கு வருவோம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்றவை ஒரு காலத்தில் ஏழை விளையாட்டாளரின் தோழன். இன்று அவற்றை வாங்குவது நல்லதல்ல. அந்தத் தலைமுறை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கி மென்பொருள் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். தவிர, 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸும் ஒளிக்கதிர்த் தடமறியும் வன்பொருள் இல்லாத அட்டைகளை ஏற்பதில்லை.

மின்நாணயம் தோண்டிய அட்டைகளும் சந்தையில் உலவுகின்றன. 2022 செப்டம்பரில் எதெரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், இரவு பகலாக ஓடிய அட்டைகள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. நம் நாட்டில் அந்தத் தொழிலின் வேகத்தை மீரி மக்கள் நேரில் பார்த்தார்கள். மின்சாரத்தைத் திருடி ஓட்டிய 1,069 பிட்காயின் இயந்திரங்களை 2021 ஜூலையில் காவல்துறை சாலை உருளையால் நசுக்கியது. அவை வேறு வகை இயந்திரங்கள் என்பது உண்மை. வரைகலை அட்டைகளை யாரும் நசுக்கவில்லை, துடைத்து விற்றார்கள். அவற்றில் சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்ந்திருப்பவை விசிறியும் நினைவகத்தின் மேல் ஒட்டிய வெப்பத் தகடுகளும்.

போலிகள் இன்னொரு தொல்லை. மிகப் பழைய அட்டையின் மென்பொருளை மாற்றி 1050 டிஐ என்று காட்டுவார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய பல போலிகளைக் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி, 2304 செயலகுகளுக்குப் பதிலாக 2048 மட்டுமே உள்ள வகையை விற்பதும் உண்டு. விற்பவரின் கண்முன்னே அரை மணி நேரம் கனமான சோதனை ஒன்றை ஓட்டிப் பாருங்கள். திரையில் புள்ளிகள் தெறித்தாலும் விசிறி கரகரத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

திரிங்காப் போன்ற ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. பெரிய கணினிக் கடைக்குச் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கோலாலம்பூர் லோ யாட் வரை. பொருள் ஒத்துவராவிட்டால் மறுபடியும் ஒரு பயணம், ஒரு நாள் சம்பளம். ஆகவே இறங்கும் முன்பே பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையின் பெயரையும் மின்பெட்டியின் முத்திரைத் தாளையும் கைப்பேசியில் படம் எடுங்கள். அட்டை உட்காரும் இடத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மலைக்குளிர் அட்டைக்கு நல்லதுதான். சன்னல் வழியே நுழையும் பனிமூட்டத்தின் ஈரம் நல்லதல்ல. கணினியைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்தி வையுங்கள்.

கடையில் வாங்கும்போது ரசீது கேளுங்கள், அட்டையின் வரிசை எண்ணும் அதில் இருக்கட்டும். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. வியாபாரியாக இல்லாத ஒரு தனிமனிதரிடம் வாங்கினால் இந்தக் கதவு திறக்காது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் தருவித்தால், 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

கடைசியாக, மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த விளையாட்டுக்காக?" 2025-ல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6 என்றால், அதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பும் செக்யூர் பூட்டும் கணினியில் இருக்க வேண்டும். விண்டோஸ் 11-ல் வேலரண்ட் விளையாடவும் அப்படியே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்கும் இண்டெல் செயலிகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. பிள்ளை அந்த விளையாட்டைச் சொன்னால், அட்டைக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே எடுத்து வைத்து, எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய அலுவலகக் கணினி ஒன்றை, முழு உயரப் பெட்டியாகப் பார்த்துத் தேடத் தொடங்குங்கள்.