விடுமுறை ஊதியமும் பீடிப் புத்தகமும்

(வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் ஊர்தோறும் கிராம சபை கூடும் நாட்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். 2022ஆம் ஆண்டு முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் சபை கூடுகிறது. முதலில் சொன்ன நான்கு நாட்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நம் மாநிலத்தின் 1958ஆம் ஆண்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தின்படி, தொழிற்சாலைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்வோருக்கு அவை ஊதியத்துடன் கூடிய விடுமுறை நாட்களாகும். இவற்றோடு பண்டிகைகளுக்காக மேலும் 5 நாட்கள் உண்டு. ஆக, ஆண்டுக்கு 9 நாட்கள். அந்நாளில் வேலை செய்ய நேர்ந்தால் இரட்டை ஊதியம் பெறலாம். அல்லது அன்றைய ஊதியத்தோடு வேறொரு நாள் ஊதியத்துடன் விடுமுறை எடுத்துக்கொள்ளலாம். இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கே உரியது.

கூலி போய்விடுமே என்று அஞ்சிக் கிராம சபைக்கு வராமல் நின்றுவிடும் ஆலைத் தொழிலாளிக்கு இந்த உண்மையை எடுத்துச் சொல்லுங்கள். அரிசி ஆலையோ வேறு தொழிலோ நடத்துபவர் நம்மிடையே இருந்தால், அவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, நாம் முக்கியமாகப் பேச வந்த பொருளுக்கு வருவோம். தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் விளைகின்றன. பீடி இலை விளைவதில்லை. அது மத்தியப் பிரதேசம், ஒடிசா போன்ற தொலைதூரக் காடுகளிலிருந்து வருகிறது. ஆயினும் முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், பாப்பாக்குடி என்று எந்தப் பக்கம் சென்றாலும், திண்ணையில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைக் காணாமல் வர முடியாது. வீட்டிலிருந்து சுற்றும் இவர்களுக்கு விடுமுறை ஊதியம் ஏது என்று பலர் கேட்கின்றனர். உண்டு என்பதே சட்டம் தந்த விடை.

1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளியாகவே ஏற்றுக்கொண்டது. இச்சட்டத்தை எதிர்த்து வழக்குகள் தொடுக்கப்பட்டன. 1974ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே விடுமுறை ஊதியம் என்பது பண்டிகைக்கு யாரோ மனமுவந்து தரும் இனாம் அன்று. உழைத்து ஈட்டிய கூலியின் ஒரு பகுதியே அது.

அச்சட்டத்தின்படி கணக்கிடும் முறை எளியது. முந்திய ஆண்டில் வேலை செய்த ஒவ்வொரு 20 நாட்களுக்கும் ஒரு நாள் விடுமுறை. வகுக்கும்போது மிஞ்சுவது அரை நாளோ அதற்கு மேலோ ஆனால் முழு நாளாகக் கொள்ள வேண்டும். அரை நாளுக்குக் குறைந்தால் தள்ளிவிட வேண்டும். ஒரு சகோதரி 210 நாட்கள் சுற்றினார் என்று வைத்துக்கொள்வோம். 20ஆல் வகுத்தால் பத்தரை. அது 11 நாட்களாகிறது. புத்தகத்தில் 208 நாட்களே எழுதப்பட்டிருந்தால் கிடைப்பது 10 நாட்கள்தான். இரண்டு நாள் பதிவு விட்டுப்போனதால் ஒரு நாள் ஊதியம் போயிற்று.

நாளைக் கணக்கிட்டபின் ஊதியத்தைக் கணக்கிட வேண்டும். விடுமுறைக்கு முந்திய மாதத்தில் பெற்ற மொத்தக் கூலியை, அம்மாதத்தில் உண்மையாக வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். பஞ்சப்படியைச் சேர்க்க வேண்டும். போனசையும் மிகைநேர ஊதியத்தையும் சேர்க்கலாகாது. கணக்கு விளங்குவதற்காக, அச்சகோதரி அம்மாதம் 22 நாட்கள் சுற்றி 5,280 ரூபாய் பெற்றார் என்போம். ஒரு நாளுக்கு 240 ரூபாய். 11 நாட்களுக்கு 2,640 ரூபாய். இதையே மாதத்திற்கு 30 நாள் என்று கொண்டு வகுப்பவரும் உண்டு. அப்போது நாளொன்றுக்கு 176 ரூபாய். 11 நாட்களுக்கு 1,936 ரூபாயே வரும். வகுக்கும் எண்ணை மாற்றியதால் மட்டும் 704 ரூபாய் நட்டம்! வகுக்க வேண்டியது வேலை செய்த நாட்களால். காலண்டர் நாட்களால் அன்று.

ஆயினும் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் புத்தகம் சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. நாம் சென்ற ஓர் ஊரில் ஒரு தாயும் மகளும் ஒரே திண்ணையில் அமர்ந்து சுற்றிக்கொண்டிருந்தனர். புத்தகமோ தாயின் பெயரில் ஒன்றுதான். இருவரும் ஆண்டு முழுவதும் உழைத்தாலும், மகள் ஒரு நாள்கூட உழைக்காதவளாகவே அப்புத்தகத்தில் இருந்தாள். "ஒரே வீட்டுக் கூலிதானே, ஐயா?" என்று அந்தத் தாய் கேட்டார். கூலி ஒரே வீட்டிற்கு வரலாம். ஆனால் விடுமுறையும் வருங்கால வைப்பு நிதியும் பேறுகாலப் பயனும் பெயரைப் பார்த்தே வருகின்றன. நாளை மகள் மணமாகி வேறு ஊர் செல்லும்போது, அத்தனை ஆண்டு உழைப்பிற்கும் அவள் கையில் ஒரு சான்றும் இராது.

இன்னொரு குறையும் கண்டோம். இரண்டு நாட்கள் சுற்றிய பீடியை மூன்றாம் நாள் சேர்த்துக் கடையில் கொடுக்கும்போது, பீடியின் எண்ணிக்கை சரியாகப் பதிவாகிறது; நாள் மட்டும் ஒன்றாகப் பதிவாகிறது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பழகியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் வீட்டில் சுற்றுபவரின் விடுமுறை ஊதியத்திற்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய விளக்கம், நள்ளிரவு தொடங்கி 24 மணி நேரத்திற்குள் எவ்வளவு நேரம் சுற்றினாலும் அது ஒரு நாள் என்பதே. அடுப்பு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே அரைப்பொழுது சுற்றிய நாளும் நாள்தான்.

நாட்கணக்கு இப்பொழுது முன்னினும் அவசியமாகியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில், தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. 20 நாட்களுக்கு ஒரு நாள் என்ற விகிதம் அதிலும் மாறவில்லை. ஆனால் ஆண்டில் 180 நாட்களேனும் வேலை செய்திருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. ஒருவர் 182 நாட்கள் சுற்றியிருந்தும் புத்தகத்தில் 172 நாட்களே ஏறியிருந்தால், அவர் இழப்பது அரை நாளோ ஒரு நாளோ அன்று. 9 நாட்களையும் ஒருங்கே இழக்கிறார்.

விவசாயப் பெருமக்களே! இது உங்களையும் தொடுகிறது. கார் நடவுக்கும் பிசான அறுவடைக்கும் வயலில் இறங்கும் பெண்களே பிற நாட்களில் பீடி சுற்றுகின்றனர். வயலில் உழைத்த நாள் பீடிப் புத்தகத்தில் ஏறாது, அது முறையே. அதனால்தான், சுற்றிய நாள் ஒன்றுகூட விட்டுப்போகலாகாது.

பஞ்சாயத்து ஒரு நீதிமன்றம் அன்று. தீர்ப்புக் கூறவும் வேண்டியதில்லை. மூன்று காரியங்களைச் செய்தால் போதும். சுற்றுபவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிலேயே புத்தகம் இருக்கிறதா என்று தெருத்தெருவாக விசாரியுங்கள். கடையிலிருந்து திரும்பிய அன்றே நாளும் எண்ணிக்கையும் சரிபார்க்கும்படி, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் பழக்குங்கள். ஆண்டு முடிவில் நாட்களைக் கூட்டி 20ஆல் வகுத்துப் பார்க்க உதவுங்கள். குறை கண்டால், முதலில் கடைக்காரரிடமே அமைதியாக எடுத்துக் காட்டுங்கள். அதில் தீராவிட்டால் புத்தகத்தின் நகலோடு திருநெல்வேலியிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை நாடச் சொல்லுங்கள். பழைய சட்டத்தின்கீழ் ஏற்கெனவே சேர்ந்த உரிமை, புதுச் சட்டம் வந்ததால் அழிந்துவிடுவதில்லை என்பதையும் கூறுங்கள்.

வயலுக்கு நீர் வருவதைக் கால்வாய் மடையில் நின்று கவனிக்கிறோம். மடை அடைபட்டால் கடைசி வயல் காய்ந்துவிடும் என்று அறிவோம். உழைத்தவர் ஊதியத்திற்கு அந்தப் புத்தகமே மடை. அடுத்த கிராம சபைக்கு வரும்போது, ஒவ்வொரு சகோதரியும் தம் பெயரிலுள்ள புத்தகத்தைக் கையோடு கொண்டுவரும்படி சொல்லுங்கள். அன்று நாமும் உடனிருந்து கூட்டிப் பார்ப்போம்.