நல்லூர் இராசதானி

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே இரண்டு மைல் தூரம் வருவோர், தாம் ஓர் இராசதானிக்குள் புகுந்துவிட்டதை உணர்வதில்லை. கோட்டை கொத்தளம் எதுவும் கண்ணிற் படுவதில்லை. வேலி வளவுகளும் கடைகளும் பள்ளிக்கூடங்களுமே இருமருங்கும் தோன்றுகின்றன. எனினும் ஆரியச் சக்கரவர்த்திகளின் அரசிருக்கையாய் விளங்கி, 1619 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்த நல்லூர் இதுவேயாகும். காண வருவோர் கண்ணோடு காதையும் துணைக்கொண்டால்தான் இந்நகர் புலப்படும். இங்கே கல்லிலும் பார்க்கச் சொல்லே நிலைத்து நிற்கிறது.

முதலில் யாவரும் செல்வது கந்தசுவாமி கோயிலுக்கு. ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் கொடியேறி இருபத்தைந்து நாள் நிகழும் பெருவிழாவைக் காணக் குடாநாடு முழுவதும் அங்கே திரளும். ஆனால் இன்று காணும் ஆலயம் அரசர் காலத்தது அன்று. பழைய கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேறா 1621 இல் இடித்தொழித்தான். நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்தபின், ஒல்லாந்தர் ஆட்சியில், 1734 ஆம் ஆண்டளவில் இரகுநாத மாப்பாண முதலியார் குருக்கள் வளவு என்னும் இடத்தில் எடுப்பித்ததே இப்போதுள்ள கோயில்.

அங்கே பூசைவேளையிற் கூறப்படும் கட்டியத்தைச் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். அதில் இரகுநாத மாப்பாணருக்கு முன்பாகச் சிறீ சங்கபோதி புவனேகபாகு என்னும் பெயர் வருகிறது. இவன் யார் என்பது பற்றி அறிஞரிடையே நெடுநாள் வழக்கு உண்டு. 1450 இல் கோட்டை இராச்சியத்து ஆறாம் பராக்கிரமபாகுவின் படையுடன் வந்து யாழ்ப்பாணத்தை வென்ற செண்பகப்பெருமாள், பின்னர்க் கோட்டையிற் புவனேகபாகு என்னும் பெயரோடு முடிசூடினான். அவனே இவன் என்பர் பலர். முதல் ஆரியச் சக்கரவர்த்தியின் அமைச்சனொருவனைக் குறிக்கிறது யாழ்ப்பாண வைபவமாலை. முன்னையோர் கூற்றே உண்மையாயின், வென்றவனாய் வந்த சிங்கள இளவரசன் ஒருவனின் பெயரைத் தமிழர்தம் தலைக்கோயில் இன்றளவும் வாழ்த்தொலியிற் காத்து வருகிறது. இந்த ஒரு செய்திக்காகவேனும் நல்லூருக்கு ஒருமுறை வரலாம்.

பழைய கோயில் நின்ற இடம் எது? முத்திரைச்சந்திக்கு அணித்தாயுள்ள புனித யாக்கோபு தேவாலயச் சூழலே அது என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. அதன் அயலில்தான் யமுனா ஏரி இருக்கிறது. ஏரி என்ற பெயரைக் கேட்டுப் பெருநீர்ப்பரப்பை எதிர்பார்ப்போர் ஏமாற்றம் அடைவர். பகர வடிவில் அமைந்த கற்கட்டுக் கேணியே அது. சிங்கைப் பரராசசேகரன் யமுனை நதியின் நீரைக் காவடிகளிற் கொணர்வித்து இதிற் சொரிந்தான் என்பது வைபவமாலை கூறும் கதை. கதையை நம்பாதவரும் கேணியை நம்பலாம். அரசர் காலத்தது என்று ஐயமின்றிக் காட்டத்தக்க சிலவற்றுள் இது ஒன்று.

சங்கிலித்தோப்பு வளைவையும் மந்திரிமனையையும் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. வீதியோரம் தனித்து நிற்கும் வளைவைச் சங்கிலி மன்னனின் அரண்மனை வாயில் என்றும், மரச்சிற்ப வேலைப்பாடுள்ள மனையை அவன் மந்திரியின் இல்லம் என்றும் வழிகாட்டுவோர் கூறுவர். கட்டடக்கலை அறிந்தோர் இரண்டிலும் ஒல்லாந்தர் காலத்தும் அதற்குப் பின்னைய காலத்தும் வழங்கிய பாணியையே காண்கின்றனர். அதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடாது. அரண்மனை அழிந்தபின்னும் அதன் நிலத்தை மக்கள் மறக்கவில்லை. அந்நிலத்திற் பின்னாளில் எழுந்த கட்டடத்துக்கும் அரசன் பெயரையே ஈந்தனர். ஆனால் பொய்யான வயதைச் சொல்லி ஒரு சின்னத்தைப் போற்றுவதிலும், மெய்யான வயதை அறிந்து அதைப் பேணுவதே சிறந்தது. மழையும் ஆலமரத்து வேரும் வரலாற்று வாதம் முடியும்வரை காத்திருப்பதில்லை.

நகரின் எல்லையை அறிய விரும்புவோர்க்கு வைபவமாலை ஒரு வழி சொல்கிறது. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாய பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர் என நாற்றிசைக்கும் காவலாகக் கோயில்கள் அமைக்கப்பட்டனவாம். அந்நான்கு பெயர்களோடும் கோயில்கள் இன்றும் உள்ளன. ஒரு முற்பகலில் நடந்தே நான்கையும் சுற்றிவிடலாம். அவ்வாறு நடப்பவர் காலுக்கு நகரின் அளவு விளங்கும். இடையிலுள்ள காணிகளின் பெயர்களையும் கேட்டுக்கொண்டு போதல் நன்று. பண்டாரக்குளம், சங்கிலித்தோப்பு போன்ற பெயர்கள் காணி உறுதிகளின் வழியாகவே தலைமுறை தலைமுறையாய் வந்துள்ளன. போர்த்துக்கேயரின் கடப்பாரை கோயிலை இடித்தது. நொத்தாரிசுமாரின் எழுதுகோல் ஊர்ப்பெயர்களைக் காப்பாற்றியது. சுவாமி ஞானப்பிரகாசர் நல்லூரிலேயே இருந்து இத்தகைய சான்றுகளைத் தேடித் தொகுத்து, 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை வெளியிட்டார்.

மேற்கு வாயிலான வீரமாகாளி கோயிற் பக்கம் வருவோர்க்கு மற்றொரு நிகழ்ச்சி நினைவுக்கு வரலாம். 1560 இல் கோவாவின் இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு தெ பிறகன்சா பெருங்கப்பற்படையுடன் வந்து நல்லூரைப் பிடித்தான். அரசன் நகரைவிட்டு அகன்றான். அப்பொழுது கிடைத்த கொள்ளைப் பொருள்களிடையே புத்தரின் தந்தம் எனப்பட்ட ஒன்றும் இருந்ததாகப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். பெகு நாட்டு மன்னன் அதற்குப் பெரும்பொருள் தர முன்வந்தும், கோவாவில் அதை இடித்துப் பொடியாக்கினர். படையெடுத்தவர் அன்று நல்லூரில் நிலைகொள்ளவில்லை. 1591 இல் மீண்டும் வந்து புவிராச பண்டாரத்தைக் கொன்று, எதிர்மன்னசிங்கனை அரியணையில் இருத்தினர். 1619 இல் வந்தவர்களே கடைசிச் சங்கிலியைச் சிறைப்படுத்திக் கோவாவுக்கு அனுப்பினர். அவன் அங்கே கொல்லப்பட்டான்.

பின்னர் ஒலிவேறா ஆட்சித் தலைமையிடத்தைக் கடலோரப் பட்டினத்துக்கு மாற்றினான். இடித்த கோயிலின் கற்கள் அங்கெழுந்த கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. அக்கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐங்கோண வடிவில் மீளக் கட்டினர். நல்லூரைப் பார்த்து முடித்தவர்கள் மாலையில் பண்ணைக் கடலோரம் சென்று அக்கோட்டைச் சுவர்களையும் காணலாம்.