திருத்தும் கை யாருடையது?



திருப்பூரில் பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தாயின் மகள், தமிழ்வழி பயின்று இன்று கல்லூரி மாணவி. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுகிறாள்; சாட்ஜிபிடி பிழை திருத்துகிறது. உடனே எழுகிறது ஏளனம்: "இது இயந்திரத்தின் எழுத்து!"

வசதி படைத்தோர் வீட்டில் திருத்தித் தரத் தந்தை உண்டு. தனி ஆசிரியர் உண்டு. அது உதவியாம்! இவள் செய்தால் திருட்டாம்! நீதியா இது?

2023-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோர் தாமே எழுதிய 91 கட்டுரைகளை, இயந்திர எழுத்தைக் கண்டறியும் 7 கருவிகளிடம் தந்தனர். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திர எழுத்தென்றே அவை தீர்ப்பளித்தன. எளிய சொல்லில் எழுதியதே குற்றமாயிற்று!

"அச்சம் அகன்றது" என்பர் மாணவரில் சிலர்; "சிந்தனை மழுங்குமோ" என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. வழியைத் திருப்பூரே காட்டுகிறது. செக்கிங் மேசையில் பிழை கண்டால், துணி தைத்தவரிடமே திரும்பும். பிரித்துத் தைப்பவர் அவரே. கருவி பிழையைக் காட்டட்டும். திருத்தும் கை மாணவருடையதாகட்டும்!

தமிழும் ஆங்கிலமும் போதுமென 1968-இல் அண்ணாவின் அரசு சட்டமன்றத்தில் தீர்மானித்தது. அந்த ஆங்கிலம் மாளிகையின் தனிச் சொத்தன்று. பனியன் தொழிலாளியின் மகளுக்கும் உரியது. எனவே, நம் படிப்பகங்களில் கணினியும் வையுங்கள்; கற்பிக்க ஆசிரியரையும் அமர்த்துங்கள். கருவியை ஆள்வோம், கருவிக்கு ஆட்படோம்!